கோயிலில் இருந்தால் சாமி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்தால் கலை: ஒரே சிலைக்கு இரண்டு மதிப்பா?

பொன்னியின்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. நிதானமாகப் பேசலாம் என்றுதான் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அரியலூர் மாவட்டத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சோழர் காலக் கோயில். அங்கிருந்து திருடு போன நடராஜர், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் கைமாறி, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

இப்போது என் கேள்வி. ஊரில் இருந்தபோது அந்தச் சிலைக்கு ஒழுங்காக ஒரு விளக்கு எரியவில்லை. கான்பெராவில் அதற்கென்று தனி வெளிச்சம், தனிப் பீடம், தூரத்து நாடுகளிலிருந்து பார்க்க வருகிறவர்கள். யார் அதை மதித்தார்கள்? விலை என்பது மதிப்பு இல்லை என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். சரி, அப்படியென்றால் மதிப்பு எங்கே இருக்கிறது? பூஜையிலா, அழகிலா, பழமையிலா, செய்தவன் கையிலா?

எனக்கு முடிவான பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கரிக்கோடு:

நல்ல கேள்வி. நான் ஓவியம் படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிலையைச் சிலையாகப் பார்ப்பது அதை மட்டம் தட்டுவது ஆகாது. முதன்முறையாக அதை முழுசாகப் பார்ப்பதே அப்போதுதான்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 1951-இல் மண்ணுக்கடியில் கிடைத்தவர். கல்வெட்டுக் கணக்குப்படி 1011-இல், ராஜராஜன் காலத்தில் எழுந்தருளுவிக்கப்பட்டவர். ரிஷபவாகனர் என்று பெயர், ஆனால் ரிஷபம் இல்லை. தனியாக வார்த்த காளை எங்கோ போய்விட்டது. ஒரு கை மட்டும் இல்லாத காளையின் மேல் சாய்ந்தபடி நிற்கிறது. அந்த முழங்கை மடிப்பைப் பாருங்கள், விரல்கள் தளர்ந்து தொங்கும் விதத்தைப் பாருங்கள், காளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். இல்லாத ஒன்றின் எடையைச் செம்பில் கொண்டுவந்திருக்கிறான் சிற்பி. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதில் பாம்புகளைச் செருகியிருப்பதைச் சுற்றி வந்து பின்னாலிருந்தும் பார்க்கலாம். முதுகுப் பள்ளம் இடுப்புக்கு இறங்கும் இடத்தில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

இதெல்லாம் கோயிலில் இருந்தால் தெரியுமா? பட்டும் பூவும் போக முகம் மட்டும்தான் தெரியும். பின்பக்கம் அர்ச்சகருக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் வைத்தியநாத ஐயர் முன்னிற்க நுழைய முடிந்தது 1939 ஜூலையில். இந்தச் சிலைகளைச் செய்யச் செம்பு உருக்கியவர்களும், அந்தக் கோயில்களுக்கு நெல் விளைவித்தவர்களும், அவற்றைக் கிட்டத்தில் நின்று பார்க்க வாசல் திறந்துவைத்தது எந்த இடம் என்று யோசியுங்கள். என் பாட்டனார் தலைமுறைக்கு கோயில் வாசல் இல்லை. நுழைவுச்சீட்டுக்கு யாரும் சாதி கேட்பதில்லை.

அம்பலவாசி:

கரிக்கோடு சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். அந்த அநியாயத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் "முழுசாகப் பார்ப்பது" என்பதில் எனக்கு மாறுபாடு உண்டு. அருங்காட்சியகத்தில் அடுத்த தடவை சிலையின் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு செருகிக் கட்டுவதற்கானவை. அந்தத் திருமேனி நிற்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கருவறையில் கல்லில் இருக்கிறவர் அசையமாட்டார். வீதிக்கு வருவதற்காகவே செம்பில் செய்யப்பட்டவர் உற்சவர். தோளில் ஏறி, தெருவில் அசைந்து வரும்போதுதான் அவர் முழுசு.

ஸ்ரீரங்கத்தில் உற்சவரான நம்பெருமாள் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடைகள் உண்டு. பல்லக்குத் தூக்குகிற ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளிலும் காலிலும் அந்த நடையைக் கொண்டுவருவார்கள். பிள்ளைப் பிராயம் முதலே பழகுகிற வித்தை அது, ஒருத்தர் தப்படி வைத்தால் எல்லோர் தோளுக்கும் தெரியும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே வெளியே வருகிறார். நாகசுரத்தில் கம்பீரநாட்டை ராகத்தில் புறப்பாட்டு இசையான மல்லாரி தொடங்கியதும் கூட்டம் முழுக்க உடம்பு விறைக்கும். தேர், பட்டு, மாலை கட்டியவர் கை, மல்லாரி, தவில் சொற்கட்டு, தீவட்டி வெளிச்சம், தாங்குகிறவர்களின் நடை எல்லாம் சேர்ந்த ஒரே கலைக்கு நடுவில் இருக்கிறது சிலை. அதிலிருந்து சிலையை மட்டும் பிடுங்கிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, இதோ முழுசாகப் பார்க்கிறேன் என்றால் நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அலங்காரத்தையும் மறைப்பு என்று தள்ளாதீர்கள். எந்தத் திருமேனிக்கு எந்தக் கொண்டை, எந்தக் கோணத்தில் மாலை சாத்தினால் திருமுகம் எடுக்கும் என்று தெரிந்த அர்ச்சகரும் கலைஞர்தான். ராத்திரி களைந்துவிடுவார், காலையில் மறுபடி செய்வார்.

மெழுகுக்கூடு:

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் செய்கிற ஆளாகக் கொஞ்சம் சொல்கிறேன். சுவாமிமலையில் எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில்.

முதலில் தென்னை ஓலையை நறுக்கி எடுப்போம். செய்யப்போகிற சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம். அதைத் தாளக் கணக்குப்படி, அதாவது முக நீளத்தை அலகாகக் கொண்ட அளவுமுறைப்படி, மடித்துக்கொண்டே போனால் முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, தொடை எவ்வளவு என்று மடிப்பிலேயே வந்துவிடும். சிலை எத்தனை அடியானாலும் ஓலை அதற்குத் தக்கபடி அளவு சொல்லும், ஸ்கேல் தேவையே இல்லை. அப்புறம் மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கொஞ்சம் கடலை எண்ணெய். வெயில் காலத்துக்கு ஒரு பதம், மழைக்காலத்துக்கு ஒரு பதம். தலை, உடல், கை என்று தனித்தனியாகப் பிடித்துச் சூட்டுக்கோலால் ஒட்டுவோம். அணிகலன்களை மெழுகு நூலாக இழுத்து ஒட்டுவதுதான் பொறுமை கேட்கிற வேலை.

அதன் மேல் காவிரி வண்டல் மண். முதல் பூச்சு ரொம்ப நைசாக இருக்க வேண்டும், மெழுகில் உள்ள ரேகை அவ்வளவும் மண்ணில் பதிவது அதில்தான். நிழலில் காயவைத்து, மேலே முரட்டு மண் பூசி, பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி கட்டி, விராட்டி அடுக்கிச் சுடுவோம். மெழுகு உருகி ஓடிவிடும். முதலிலேயே மெழுகை எடை போட்டிருப்போம், அதைப் போல 8 முதல் 10 மடங்கு உலோகம் எடுத்து மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) உருக்கி, குழிக்குள் நிறுத்திய மண் கூட்டில் ஊற்றுவோம். ஊற்றத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஆறின பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகும் போச்சு, மண்ணும் போச்சு. அதனால் ஒரு வார்ப்பில் ஒரே சிலைதான். அச்சு வைத்து இரண்டாவது எடுக்க முடியாது.

வார்த்ததும் வருவது கறுத்த, முரடான உருவம். உளியும் அரமும் எடுத்து அதைச் சீவி, முகம் கொண்டுவருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், பெரிசென்றால் மாதக்கணக்கு.

கோயிலுக்கு என்று செய்வதில் சில குடும்பங்கள் வந்து மோதிரத்தையோ காதில் கிடந்ததையோ கழற்றித் தங்கள் கையாலேயே மூசையில் போடுவார்கள். செம்புதான் பெரும்பங்கு, தங்கம் கடுகளவு. ஆனால் தாலியில் கோர்த்திருந்த குண்டுமணியைப் போட்டுவிட்டு ஒரு அம்மா நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிலைக்கு எவ்வளவு மதிப்பு என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்?

கரிக்கோடு:

அண்ணா, ஒரே மூச்சில் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். ஹோட்டல் வரவேற்பறைக்கும் வீட்டுக் கூடத்துக்கும் அலங்காரப் பொருளாகக் கேட்டு வருகிறார்களே, அதையும் இதே அக்கறையுடன் செய்வீர்களா?

மெழுகுக்கூடு:

செய்வோம். கைக்கு அது வேறு இது வேறு என்று தெரியாது. அலங்காரத்துக்கு என்றால் அளவில் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள், இடுப்பை இன்னும் ஒடுக்குங்கள், பச்சை ஏற்றிப் பழசு மாதிரி ஆக்குங்கள் என்பார்கள். உள்ளே கூடாகச் செய்தால் எடையும் விலையும் குறையும் என்றும் கேட்பதுண்டு. பூஜைக்கு என்றால் கனமாகத்தான் வார்க்க வேண்டும், அளவு பிசகக் கூடாது, ஒரு விரல் உடைந்திருந்தால்கூட ஆகாது. கடைசியில் கண்ணைச் செதுக்கிக் கண் திறப்பது வரைக்கும் இரண்டும் ஒரே வேலைதான். கண் திறந்த பிறகு அது எங்களுடையது இல்லை.

டெல்லியில் 2023-இல் ஜி20 மாநாட்டு மண்டபத்துக்கு முன்னால் வைத்த 27 அடி நடராஜர் எங்கள் ஊரில் வார்த்ததுதான். அதற்குப் பூஜை கிடையாது. ஆனாலும் அது உருவாகும்போது பட்டறையில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் பக்கத்தில் போகவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:

கனம், கூடு என்று மெழுகுக்கூடு சொன்னதும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த 60-க்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, கனமாகச் செய்ததா பொள்ளலாக (உள்ளே கூடாக) செய்ததா, பீடம் எவ்வளவு, எந்த நகையில் எத்தனை முத்து என்பது வரைக்கும் பதிந்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்குப் பதிவைப் படித்தால் மலைப்பாக இருக்கும். அந்தத் திருமேனிகளில் இன்று எஞ்சியவை மிகச் சில.

ஆனால் எனக்கு ஆறாத ஒரு வருத்தம் உண்டு. அதே கல்வெட்டு கோயிலில் ஆடிப்பாடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருத்தியின் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று எழுதியிருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. அத்தனை திருமேனிகளையும் வார்த்த கை யாருடையது? அது இல்லை. திருவெண்காட்டு ரிஷபவாகனரைச் செய்தவன் பெயரும் நமக்குத் தெரியாது. உலகத்தின் எந்தச் சிற்பிக்குப் பக்கத்திலும் வைத்துப் பேசத்தக்கவன் அவன்.

ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு, அந்தக் கழுத்தையும் காலையும் கையையும் ஒவ்வொன்றாக வியந்து எழுதினார். 1921-இல் பாரிஸில் அச்சானது. ஒரு சிற்பி இன்னொரு சிற்பிக்குச் செய்த மரியாதை அது. யாருக்குச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

கலையின் மதிப்பைப் பற்றிப் பேசுகிறோம். பெயரைக்கூட எழுதிவைக்காத சமூகம் கலையை மதித்தது, கலைஞனை மதித்ததா?

மெழுகுக்கூடு:

ஐயா, பெயர் வேண்டாம் என்று நாங்களாகச் சொல்லவில்லை. கேட்கவே இல்லை, அவ்வளவுதான். இப்போதும் சிலை போய்ச் சேர்ந்த ஊரின் கும்பாபிஷேகப் பத்திரிகையில் உபயதாரர் பெயர் பெரிதாக இருக்கும்.

திருமலையாள்:

வணக்கம், நான் திருகோணமலை. எங்கட ஊர்க் கதை இந்த இழைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எழுதுறன்.

கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடிச்சுக் கடலில தள்ளிப்போட்டினம். கல்லுகளை எடுத்துக் கோட்டை கட்டினவை. முந்நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த மலையில் கட்டடமாகக் கோயில் இல்லை, சனம் பாறை விளிம்பில நிண்டு கடலைப் பார்த்துத் தேங்காய் உடைச்சுக் கற்பூரம் கொளுத்தினதுதான். 1950-இல் நகரசபை ஆக்கள் கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சோழர் காலத்துப் படிமங்கள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என்று. இடிக்க வருகினம் என்று தெரிஞ்சு ஆரோ புதைச்சு வச்சிருக்கினம்.

கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவை நடராஜர் இருக்கிறார், போய்ப் பார்த்திருக்கிறன், வலு அழகு. ஆனால் எங்கட படிமங்கள் நூதனசாலைக்குப் போகேல்லை. ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோய், திரும்பக் கோணேசர் மலையில எழுந்தருளப்பண்ணிச்சினம். அந்த ஊர்வலத்தைப் பார்த்த என்ர அம்மம்மா சாகும் வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ. சிலை வடிவோ இல்லையோ, எந்த நூற்றாண்டோ, அவவுக்கு அது ஒண்டும் தெரியாது. "எங்கட ஆக்கள் திரும்பி வந்திட்டினம்" எண்டு சொல்லுவா. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த சனத்துக்கு அந்தச் செம்பு என்னவாக இருந்தது எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அழகு, பூஜை, விலை எண்டு மூன்றைச் சொன்னீங்கள். நாலாவதாக இதையும் எழுதிக்கொள்ளுங்கோ.

பனங்காடு:

எல்லோரும் செம்பையே பேசுகிறீர்கள். திருட முடிகிற பொருள் என்பதால்தான் இத்தனை பேச்சோ என்று தோன்றுகிறது. திருடவே முடியாத கலைகளையும் கொஞ்சம் பார்ப்போம்.

எங்கள் பக்கம், வடாற்காட்டில், திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்து ராத்திரி ராத்திரி கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான், அத்தனையும் மண். ஆள் நீளத்தைப் போலப் பல மடங்கு. மண்ணைக் குழைத்துக் கொட்டி, மார்பு, தொடை, மீசை, கிரீடம் எல்லாம் பிடித்து, மேலே வண்ணம் பூசியிருப்பார்கள். முழிக்கிற கண்களை மட்டும் தனியாக ஒருத்தர் எழுதுவார், அவர் எழுதி முடித்ததும் குழந்தைகள் பக்கத்தில் போகாது. விடியவிடிய ஆடிய கூத்தாடிகள் வேஷத்தோடே வெயிலில் வந்து அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடுவார்கள். கட்டைக் கிரீடம், புஜக்கட்டை, அரிதாரம் வேர்வையில் வழிந்துகொண்டிருக்கும். பீமன் தொடையில் அடிப்பான். அங்கே புதைத்திருந்த செந்நீர் தெறிக்கும். திரௌபதி கூந்தல் முடிவாள். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் ஊர்சனம் பாய்ந்து அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும், வீட்டுக்கும் நிலத்துக்கும். அத்தனை பேர் உழைத்த துரியோதனன் பொழுது சாய்வதற்குள் மேடு தட்டிவிடுவான்.

தெற்கே ஐயனார் குதிரையைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் பிடிமண் எடுத்து மண்ணில் வேலை செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள், அதிலிருந்துதான் வேலை தொடங்கும். புரவி எடுப்பு அன்று தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் வைத்துவிட்டால் முடிந்தது. மழையில் காது போகும், கால் போகும், உள்ளே செடி முளைக்கும். யாரும் செப்பனிட மாட்டார்கள். அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும்.

இதற்கெல்லாம் விலைச்சீட்டு எங்கே ஒட்டுவது? எந்தப் பெட்டகத்தில் வைப்பது? ஆயிரம் வருஷம் இருந்தால்தான் கலை என்றால் எங்கள் துரியோதனன் என்ன?

கரிக்கோடு:

பனங்காடு, உங்கள் பதிவு மனதைப் பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு இழப்பும் தெரிகிறது. அந்தக் கண்ணை எழுதுகிற ஒருத்தர் இருக்கிறார் என்றீர்களே, அவருக்குப் பிறகு யார்? குதிரை செய்யத் தெரிந்த வேளார் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அடுத்த எடுப்புக்குக் குதிரை எங்கிருந்து வரும்? மண்ணோடு மண்ணாகப் போகும் கலைக்குத்தான் ஆள் தொடர்ச்சி அதிகம் வேண்டும். செம்பு ஆயிரம் வருஷம் காத்திருக்கும். சிற்பி மறந்தாலும் சிலையைப் பார்த்து இன்னொருவன் கற்றுக்கொள்வான்.

அதனால்தான் காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது என்கிறேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் மட்டும் இல்லை. துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்று, கைவினைப் பொருள் செய்து சேர்த்த பணம். சோற்றுக்கு வழி பண்ணிக்கொண்டு ஓவியம் வரைந்தார்கள். கலைக்கு விலை இல்லை என்று நாம் உருக்கமாகச் சொல்லும் வாக்கியம் பல நேரம் கலைஞனுக்குக் கூலி குறைப்பதில்தான் போய் முடிகிறது.

பனங்காடு:

கூலி விஷயத்தில் உங்களோடு முழுசாக நிற்கிறேன். கூத்தாடிக்கு விடியவிடிய ஆடின பிறகும் பேசின பணத்தை முழுசாகக் கொடுக்காத ஊர்களை எனக்குத் தெரியும். கண் எழுதுகிறவருக்கு இப்போது ஒரு பையன் கூட நிற்கிறான், அவர் மகன் இல்லை, பக்கத்துத் தெரு. பரவாயில்லை, கை நன்றாக வருகிறது.

வழக்குக்கட்டு:

சட்டம் இந்தக் கேள்வியை ஒரு தடவை நேராகவே சந்தித்திருக்கிறது. பத்தூர் நடராஜர் வழக்கு.

1976-இல் தமிழ்நாட்டுக் கிராமமான பத்தூரில் இடிந்துபோன விசுவநாதர் கோயில் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைக்கு மண் தோண்டியபோது கிடைத்த சிலை. கைமாறி லண்டன் போய், ஒரு கனடா நாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. செப்பனிடக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள். நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கினோம் என்றது நிறுவனம். எதிரே வழக்காடியவர்களில் ஒரு தரப்பு யார் தெரியுமா? கோயில். கூரை சரிந்து, வழிபாடு நின்றுபோய், ஒரு லிங்கம் மிச்சமிருந்த அந்தக் கோயில்.

இந்தச் சிலை அந்த மண்ணிலிருந்து வந்ததுதான் என்பதற்குச் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும், அதே இடத்தில் கிடைத்த மற்ற உலோகச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் சொன்னார். இடிந்துகிடந்தாலும் அந்தக் கோயில் உரிமை கோரி வழக்காடத் தகுதியுள்ளதே என்று 1988-இல் ஆங்கிலேய நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1991-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதே வருஷம் நடராஜர் வந்து சேர்ந்தார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சிலை அழகானதா, எவ்வளவு விலை, யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. யாரிடமிருந்து பறிபோனதோ அவர்களிடம் போகட்டும் என்றது. பொன்னியின்கரையின் முதல் பதிவுக்கு என் பதிலும் அதுதான். ஊர் விளக்கேற்றவில்லை என்பது ஊரைத் திருத்தக் காரணமாகலாம், திருடியவனுக்கு உரிமை ஆகாது.

பொன்னியின்கரை:

எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். திருடியவர்களுக்கு உரிமை உண்டா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை, வழக்குக்கட்டு ஐயா. என்னை உறுத்துவது அதற்கு அப்புறம் நடப்பது.

லண்டன் வரை போய் வழக்காடி மீட்ட பத்தூர் நடராஜர் இன்று எங்கே? திருவாரூர் தியாகராஜர் கோயில் வளாகத்தில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில். கோயில்களில் காவல் இல்லை என்று கொண்டுவந்து வைத்த ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. அம்பலவாசி சொன்ன மல்லாரி அங்கே இல்லை, தோள் இல்லை. கரிக்கோடு சொன்ன மாதிரி பின்னால் சுற்றி வந்து முதுகைப் பார்க்க ஒரு மாணவனுக்கும் அனுமதி இல்லை. மெழுகுக்கூடு மாதிரி ஒரு ஸ்தபதி போய் ஓலையை வைத்து அளந்து கற்கவும் வழியில்லை. பத்திரமாக இருக்கின்றன, அது மட்டும்தான்.

கோயிலா கலைக்கூடமா என்று நான் கேட்ட கேள்வியைவிட இது எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. கோயிலில் ஒருத்தர் கும்பிடுகிறார், கலைக்கூடத்தில் ஒருத்தர் வரைகிறார், படுகளத்தில் ஒருத்தர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறார். எதுவானாலும் எதிரே ஒரு ஆள் இருக்கிறார். பெட்டகத்தில் எதிரே யார் இருக்கிறார்கள்? திருடனுக்குப் பயந்து நாமே பூட்டிவைத்து, சிலை கேட்பாரற்றுக் கிடந்த நிலையை அரசாங்க முத்திரையோடு தொடர்கிறோம். திருட்டை நிறுத்த வழி பூட்டு என்றால், பூட்டியதற்குள் ஜனம் போவதற்கும் ஒரு வழி வேண்டும். காவலோடு ஒரு காட்சிக்கூடமாக அந்த மையங்களைத் திறந்தால் என்ன?

அம்பலவாசி:

பூஜை முறைப்படி யோசித்தால் காட்சிக்கூடம் என்பது எனக்கு நெருடல்தான். ஆனாலும் பூட்டிவைப்பதைவிட அது மேல். திறக்கட்டும். விளக்கும் ஏற்றட்டும்.

கல்வெட்டுப்பித்தன்:

புதைத்து வைத்ததும் ஒரு வகைப் பூட்டுதானே என்று யாராவது கேட்கலாம். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண் எடுத்தபோது 20-க்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் சேர்ந்து கிடைத்தன. சிலையையும் பாட்டையும் ஒரே குழியில் வைத்திருக்கிறார்கள். புதைத்தவன் திரும்ப எடுக்கத்தான் புதைத்தான். பெட்டகத்துக்கு அப்படி ஒரு நாள் குறித்திருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

குறுவைமேடு:

இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெட்டகப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஊர்த் திருமேனிகளும் அப்படி ஒரு மையத்தில்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயர் வேண்டாம்.

திருவிழாவுக்கு மட்டும் எங்களிடம் தருகிறார்கள். விழாக்குழு முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். செயல் அலுவலர், போலீஸ் பாதுகாப்பு, எடை பார்த்து எழுதிக் கையெழுத்து எல்லாம் உண்டு. அன்று காலை வேன் வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் எல்லோரும் ஊர் எல்லையில் நிற்போம். அபிஷேகம், அலங்காரம், வீதிப் புறப்பாடு, முடிந்ததும் திரும்ப ஏற்றி அனுப்ப வேண்டும். தூக்குகிற பையன்கள் வருஷம் முழுக்கப் பழக முடியாமல் போய்விட்டது, முன்பு வெள்ளி, பிரதோஷம் என்று தோள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் இப்போது விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வெறும் பல்லக்கில் நெல் மூட்டையை ஏற்றி ராத்திரியில் தெருவில் பழகுகிறார்கள். பெரியவர் ஒருத்தர் கூட நடந்து கால் மாற்றுவதைச் சொல்லிக்கொடுக்கிறார்.

கரிக்கோடு, நீங்கள் வரைய விரும்பினால் விழாவுக்கு வாருங்கள். அலங்காரத்துக்கு முன்னால் திருமஞ்சனம் நடக்கும்போது திருமேனி முழுசாகத் தெரியும், எந்தப் பக்கமும் நின்று பார்க்கலாம், எங்கள் ஊரில் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. மெழுகுக்கூடு அண்ணனும் வரலாம், ஓலையோடு. அளந்து பார்க்க அர்ச்சகரிடம் நான் பேசிவைக்கிறேன். பங்குனியில்தான் விழா, தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.

மெழுகுக்கூடு:

வருகிறேன். தம்பி மகனையும் கூட்டி வருகிறேன், அவன் இப்போதுதான் மெழுகு பிடிக்கப் பழகுகிறான்.